பதினெட்டு வளைவுகள், ஒரு ‘ம்’

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலைப்பாதையில் ஒரு கார்ப் பயணம் பற்றி ஒரு பத்திரிகை கதை கேட்டது. போன மாதம்தான் அப்படி ஒன்று போய் வந்திருந்தேன், சரி என்றேன். அடிவாரத்திலிருந்து உச்சிவரை தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

கார் ஓட்டியவள் என் மனைவி. மருத்துவமனையில் மருந்தாளுநர். வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்று கிளம்பும்போதே ஒரு மாத்திரை கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் இயற்கையை ரசிப்பவன்போலவே இருந்திருப்பேன்.

2

தொடக்கம் ஒன்று: “பள்ளத்தாக்கிலிருந்து பனி மெல்ல எழுந்து...” (பனி இருந்ததா? தெரியாது. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: “பதினான்காவது வளைவில் ஓர் அருவி...” (அவள் தன் அம்மாவிடம் போனில் சொன்னது. இரவல் அருவி.)

தொடக்கம் மூன்று: “அவள் காரை மெதுவாகத்தான் ஓட்டினாள். அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம்...”

இது உண்மை. அதனால்தான் முடிக்க முடியவில்லை.

3

விஷயம் இதுதான். கடலோர நகரம் ஒன்றில் புது மருத்துவமனை. அதன் மருந்தகத்துக்கு அவளைத் தலைமை ஏற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம், அவள் மட்டும். இதையெல்லாம் மலை ஏறும் வழியில் சொல்லிவிட்டு, “போகட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். நான் “ம்” என்றிருக்கிறேன்.

மறுநாள் மாமியார் போன். “மறுபேச்சு பேசாம சரின்னுட்டீங்களாமே மாப்பிள்ளை. யாருக்கு இந்த மனசு வரும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாராட்டு பாராட்டுதானே. “அதுல என்ன இருக்கு அத்தை” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தேன். பெட்டி வாங்கப் போகலாம் என்று மனைவி கூப்பிட்டபோதுதான் விவரம் தெரிந்தது. தூங்கிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நல்லவன் என்ற பெயர் போய்விடுமே.

4

(இந்தக் கணவன் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. நீ இல்லாத வீட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்ல மாட்டானா ஒருவன்? மூன்று வாரமாகச் சொல்லவில்லை.)

5

முடிவு அ: அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் போகவில்லை. இருபது வருடம் அதையே சொல்லிக்காட்டுகிறாள்.

முடிவு ஆ: அவன் சொல்லவில்லை. வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்து...

இந்த இடத்தில் தட்டச்சு நின்றுவிட்டது. என் கையெழுத்துப் பிரதிகளைக் கணினியில் அடித்துத் தருவது என் மனைவிதான். இதையும் அவள்தான் படிப்பாள் என்பது மட்டும் எப்படி மறந்துபோனது என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. வாயால் வராததால்தான் எழுதினேன்.

“நீங்க தூங்குறீங்கன்னு அப்பவே தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சுமா கேட்ட?”

“முழிச்சிருந்தா ஒரு மணி நேரம் பேசுவீங்க. பதில் மட்டும் வராது.”

நான் முடிவு இ பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

“கதை இருக்கட்டும். இப்ப முழிச்சுத்தானே இருக்கீங்க? போகட்டுமா?”

6

இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொன்னாலும் ஒரு எழுத்து மாற்றாமல் அடிப்பாளாம். அவள் போகவேண்டும் என்றும் இருக்கிறது, போகக்கூடாது என்றும் இருக்கிறது. இப்படி ஒரு பதிலை எந்த மனைவி ஏற்றுக்கொள்வாள்?

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள்.