ஆறு வருடத் தீர்மானமும் ஆர்லோவின் பான்கேக்கும்

மார்ச் மாத ஊர்மன்றக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: மேசையின் நடுவில் தலைவர் கென்யன், அவருக்கு இடப்பக்கம், ஹீட்டரை ஒட்டி, கோட்டைக் கழற்றாமல் உறுப்பினர் டாட்டி, வலப்பக்கம் உறுப்பினர் ஆர்லோ டட்டில், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மேசைக் கோடியில் மன்றத்தின் எழுத்தரான நான். கடைசி வரிசை மடக்கு நாற்காலியில், பின்னல் ஊசியோடு, எங்கள் ஊர் நீதிபதி வில்மா ஹஸ்கின்ஸ். தன் பதவியைப் பற்றிய பேச்சில் தான் வாய் திறப்பது முறையில்லை என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

எங்கள் மாநிலத்தில் ஊர் நீதிபதியை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்போம், சட்டம் படிக்காதவரும் நிற்கலாம். பதவிக்காலம் ஊருக்கு ஊர் வேறு. எங்களுக்கு இரண்டு வருடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு, நகரத்தில் ஆறு. எல்லோருக்கும் ஆறு என்று மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்று சட்டசபை ஊர்களின் கருத்தைக் கேட்டிருந்தது.

"எனக்குச் சம்மதம்" என்றார் கென்யன். "தேர்தல் வந்தா, ஓட்டுக்காக விட்டுக்கொடுத்தாங்கன்னு பேர் வந்துடக் கூடாதேன்னு ஜட்ஜம்மா ரெண்டு மடங்கு கறாரா ஆயிடறாங்க. வேகமா கார் ஓட்டி மாட்டினவன் எல்லாம் தேர்தல் முடியுற வரைக்கும் வாய்தா வாங்கிடறான்."

பின்னல் ஊசி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"எனக்கு வேண்டாம்" என்றார் டாட்டி. "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரட்டும். அப்பத்தான் நம்ம நினைப்பு இருக்கும்."

மிச்சம் ஆர்லோ. வில்மாவை எதிர்த்து ஒன்பது முறை நின்று ஒன்பதும் தோற்றவர்.

"எனக்கு அறுபத்தேழு ஆகுது" என்றார் அவர். "இப்படியே விட்டா இன்னும் மூணு நாலு தடவை நிக்கலாம். ஆறுன்னா ஒரே தடவை. அதுவும் கைத்தடியோட."

"ஜெயிச்சிடுவேன்னு நினைச்சா நிக்கிறே?" என்றார் டாட்டி.

"நினைக்காம நிப்பேனா?"

"அப்ப யோசிச்சுப் பாருய்யா" என்றார் கென்யன். "ஜெயிச்சா ஆறு வருஷம் உன்னை யாரும் அசைக்க முடியாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் கோர்ட்டு உன்னோடது."

ஆர்லோவின் முகம் வாடியது. செவ்வாய் அவருக்குக் கட்டைகளைப் பந்து உருட்டி வீழ்த்தும் பௌலிங் ஆட்ட நாள். "ரெண்டு வருஷம்னா குழுவுல என் இடத்தை வச்சிருப்பானுங்க. ஆறு வருஷம் எவன் வச்சிருப்பான்?"

"இது பதவிப் பேச்சு இல்லை, அதனால சொல்றேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "உனக்கு வேண்டியது கோர்ட்டு இல்லை ஆர்லோ. தீயணைப்புக் கூடத்து அடுப்பு."

எல்லோரும் சிரித்தோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால், அக்டோபர் முதல் சனிக்கிழமை, வேட்பாளர் இருவரும் அங்கே ஊருக்கே பான்கேக் வார்ப்பார்கள். ஆர்லோ பக்கத்து வரிசை வாசலைத் தாண்டும். வில்மாவின் பான்கேக் மேப்பிள் பாகில் ஊறினாலும் இளகாது. ஆர்லோவிடம் வயிறு நிறையத் தின்றவர்கள் வில்மாவுக்கு ஓட்டுப் போடுவார்கள்.

ஆர்லோ சிரிக்கவில்லை. "அந்த ஒரு காலையிலதான் ஊரே என் பேரைச் சொல்லுது ஜட்ஜம்மா. அது ஆறு வருஷத்துக்கு ஒருக்கான்னா..."

"தேர்தல் இருந்தாலும் இல்லாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நான் அந்த அடுப்புகிட்ட வந்து நிக்கிறேன். எல்லார் முன்னாலயும் உங்கிட்ட தோத்துட்டுப் போறேன், போதுமா?"

"அதைக் குறிப்புல எழுது பெர்னிஸ்" என்றார் டாட்டி என்னிடம். "பின்னால மாத்திப் பேசுவாங்க."

எழுதினேன். ஆர்லோ கையைத் தூக்கினார். தீர்மானம் இரண்டுக்கு ஒன்றாக நிறைவேறியது.

சட்டசபைக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது ஆர்லோ என் பின்னால் வந்து நின்றார். "கடைசில ஒரு வரி சேரு. அக்டோபர் முதல் சனிக்கிழமை சட்டசபைக்காரங்க எல்லாரும் சாப்பிட வரணும்னு. தின்னுட்டு அப்புறம் இந்தத் திருத்தத்துக்கு ஓட்டுப் போடட்டும்."

"அதுக்குப் பேர் லஞ்சம்" என்றார் வில்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவங்களை உங்க வரிசையில நிக்க வைக்கிறேன் ஜட்ஜம்மா. அது தண்டனை."

அந்த வரியைச் சேர்த்தேன். கென்யன் கையெழுத்திட்டார். ஆர்லோ உறையின் பசையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, தொப்பியை மாட்டிக்கொண்டு, தானே போய்த் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.