ஆவி படியாத கண்ணாடி

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அக்கா வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் விரல் கோடுகளைப் பார்த்து அழுக்கு என்று நினைத்தேன். எவ்வளவு சுடுதண்ணீரில் குளித்தாலும் ஆவி படியாத புதுக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, நானே மாட்டினேன். பழையதை உடைத்துக் குப்பையில் போட்டேன்.

2

வாழ்வின் பொருள் என்பது

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

லிப்ட் மெக்கானிக் ஒருவர் தினமும் காலையில்…

(அத்தானைத்தான் சொல்கிறேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். கதையிலாவது பேசவைக்கலாம் என்று மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். மனிதர் அசைந்துகொடுக்கவில்லை.)

3

மூன்று வாரம் கழித்துப் போய், கண்ணாடி எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். கழற்றி எடுத்துக்கொண்டு போ என்றாள் அக்கா.

பிறகுதான் விஷயம் வந்தது. அத்தான் குளித்துவிட்டு, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எதையோ வரைந்துவிட்டு வருவாராம். அடுத்து இவள் உள்ளே போவாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து மறைந்துவிடும். பத்தொன்பது வருடம். சண்டை போட்ட நாளிலும் இருந்ததாம். இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"நான்தான் உன்கிட்ட கண்ணாடிய மாத்தச் சொன்னேன்னு நெனச்சுட்டார் போலடா. எனக்கு அலுத்துப்போச்சுன்னு."

திரும்ப வரையச் சொல்லேன் என்றேன்.

"கேட்டு வாங்குனா அது அது இல்லடா."

என்ன வரைவார் என்று கேட்டதற்கு, உனக்கெதுக்கு என்று எழுந்துபோய்விட்டாள்.

(தினமும் அழிந்துபோன ஒன்று பத்தொன்பது வருடம் நிலைத்திருக்கிறது. நான் வாங்கிய கண்ணாடிக்கு ஆயுள் உத்தரவாதம் வேறு.)

4

முடிவு ஒன்று: அத்தானிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். (சொன்னேன். "சரி" என்றார்.)

முடிவு இரண்டு: ஒரு சாதாரணக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ராத்திரி அங்கேயே தங்கிவிடுகிறேன். (நேற்று மாட்டினேன். தங்கியும்விட்டேன்.)

5

இப்போது காலை ஆறரை. கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவிடுக்கு வழியாகச் சோப்பு வாசனையோடு ஆவி மெல்ல வருகிறது. தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது. அத்தான் இன்னும் வெளியே வரவில்லை. (சவரம் செய்கிறாரோ?) அக்கா தோளில் துண்டோடு, கதவைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தாழ்ப்பாள் சத்தம். அத்தான் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சட்டையைத் தேடிப் போகிறார். அக்கா எழுந்துவிட்டாள்.

வேண்டுமானால் நீங்கள் அவள் பின்னால் போங்கள். போவதென்றால் சீக்கிரம், அங்கே ஏதாவது இருந்தால் ரொம்ப நேரம் நிற்காது. நான் வரவில்லை. ஏற்கெனவே ஒரு தரம் உள்ளே போய்த் துடைத்துவிட்டு வந்தவன் நான்.