அநேகமாக எல்லாரும்

...அநேகமாம், அநேகமாக எல்லாருமாம், அந்தச் சொல்லைச் சொன்ன வாயில் இந்த வாழைப்பழத்தைத் தோலோடு திணிக்கவேண்டும், அக்காவின் புருசனாகப் போய்விட்டார்... செல்வநாயகம் அத்தான் குசினி வாசலில் நின்று எவ்வளவு பக்குவமாகச் சொன்னார். "சண்டை முடிஞ்சு வரவேண்டிய ஆக்கள் அநேகமா எல்லாரும் வந்திட்டினம் பிள்ளை. சிவரூபன் இனி... நீ தட்டை அடுக்கிக் குடு, ஆலாத்தியை வேற ஆக்கள் எடுக்கட்டும்." அவர் மகள் கீர்த்திகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு, உயிலங்குளம் ஊர் முழுக்கப் பந்தலுக்குள் இருக்கிறது, புருசன் உள்ளவள்தான் ஆலாத்தித் தட்டைத் தூக்கிச் சுற்றலாம், நான் பழம் வெட்டலாம், எண்ணெய்த் திரி குத்தலாம், தூக்கக்கூடாது. கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று போத்தலோடு போன என் மனுசன் சிவரூபன் செத்ததை யார் கண்டது, அத்தானா?

அநேகமாக... கம்பஸில் கணிதம் படிக்கும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு கணக்கு இருந்தது, ஓர் எண் ஒரு கூட்டத்தில் சேருமா என்று கணக்குப் போடும் இயந்திரத்தைக் கேட்டால், அநேகமாக எல்லா எண்ணுக்கும் ஆம், இல்லை என்று பிழையில்லாமல் சொல்லும், சில எண்களுக்கு மட்டும் வாயே திறக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சிலவும் போகப்போக ஐதாகி அடர்த்தி பூச்சியமாகிவிடும், ஆகவே நல்ல இயந்திரம்தான் என்று தலையாட்டினோமே, நானும்தான் ஆட்டினேன்... அடர்த்தி பூச்சியம் என்றால் ஆளே இல்லையா? ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு, வர்க்க எண்களும் அப்படித்தான் ஐதாகின்றன, என்றைக்காவது முடிந்தனவா? ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்த்து 'இல்லை' என்று எழுதும் பிள்ளைக்கு என் வகுப்பில் முட்டைதான் போடுவேன், அத்தானுக்கு யார் போடுவது? என் மனுசன் வந்தால் வந்த அன்றே தெரியும், வராவிட்டால் அது தெரியும் நாள் என்று ஒன்று கிடையாது, இது விளங்காமல் பெரிய மனிதத்தனம் வேறு...

"சித்தி எடுக்கட்டும்." பந்தலில் அக்காவிடம் தட்டைக் கொடுத்ததும் மணவறையிலிருந்து கீர்த்திகா, பட்டுச்சேலையும் பிடிவாதமுமாக. "சித்தப்பா வருவார் எண்டு சித்திதானே சொல்லுறவ. சித்தி எடுக்காட்டி நான் இஞ்ச இருக்கமாட்டன்." அத்தான் விலகி வழிவிடுகிறார், அக்கா தட்டை என் பக்கம் தள்ளுகிறாள், "எடன்." வேண்டும், நன்றாக வேண்டும் இவர்களுக்கு, தூக்கி மூன்று முறை சுற்றினால் போதும், ஓம், அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்கே சொன்னதாகும்... பழத்துண்டுகளில் திரிகளெல்லாம் பற்றிவிட்டன, எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள். இல்லை என்றவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம். ஓம் என்று சொல்ல இந்தக் கை ஏன் எழும்பமாட்டேன் என்கிறது?