எனாமலில் ஒரு கருங்கோடு

பல் மருத்துவக் கல்லூரி ஆய்வக உதவியாளன் அன்று தன் பல்லைத் தானே தேய்த்துத் தொலைத்தான். மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் பற்களைக் காகிதம்போல் மெல்லிசாகத் தேய்த்துக் கொடுப்பது அவன் வேலை. போன வாரம் பிடுங்கிய தன் கடைவாய்ப்பல்லை ஆசையாகக் கல்லூரிக் குப்பிகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். பாதி தேய்ந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. வேறொருவர் செய்திருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். தானே செய்ததால் கமுக்கமாக முழுசையும் தேய்த்து முடித்தான்.

பேராசிரியை நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார். வேரைப் போர்த்திய சிமென்டம் அழகாக வந்திருக்கிறது என்றார். எனாமலுக்கு வந்ததும் நிறுத்தினார். மரத்தின் வளையம்போல் எனாமலும் வளர வளரக் கோடு விடும்.

"இது பொறந்தப்ப விழுந்த கோடு, எல்லாருக்கும் இருக்கும். அதை ஒட்டி இன்னொண்ணு, கன்னங்கரேல்னு. கைக்குழந்தையில பட்டினியோ, பெரிய நோயோ. பாவம், யார் பெத்த பிள்ளையோ!"

அந்தக் கடைசி வாக்கியம் அவனோடு வீடுவரை நடந்து வந்தது. அக்காவின் குழந்தைப் படங்கள் சுவர் நிறைய. அவனுக்கோ நடக்கப் பழகிய பிறகுதான் முதல் படம். கண்ணாடியில் மூக்கைப் பார்த்தான். அப்பாவின் மூக்கா இது? அக்காவுக்குப் போன் போட்டான்.

"நான் பொறந்ததை நீ பார்த்தியாக்கா?"

"அம்மாகிட்ட கேளுடா. இங்க பால் பொங்குது."

அக்கா வீட்டில் யாரும் பாலே குடிப்பதில்லை.

அம்மா வழக்கம்போல், நரை விழுந்த மகனின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். இதுவரை பாசம் என்று நினைத்தது இப்போது பரிகாரமாகத் தெரிந்தது. கோட்டின் கதையைச் சொன்னான்.

"பல்லு தேய்க்கிறவன் பல்லைத் தேய். பழசை எதுக்குக் கிளறுற?"

"அம்மா, நான் நீ பெத்த பிள்ளைதானா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் பெத்தவன்தான்டா, அதுல சந்தேகமே வேணாம். உன்னைப் பெத்ததும் எனக்கு மனசு சரியில்லாம போச்சு. நீ பசியில கத்துவ, நான் சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கணும்னே தோணாது. உங்கப்பா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. மெல்ல மெல்லத்தான் சரியாச்சு."

நாள் முழுக்கத் துருவியவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அந்தக் கோட்டுக்கு அப்புறம் எனாமல் சுத்தமா இருக்கும்மா. ஒரு கீறல்கூட இல்ல."

"எப்படி இருக்கும்? அதுக்கப்புறம் உன்னைக் கீழ வச்சிருந்தாத்தானே!"