எஞ்சின் கத்துது, வண்டி இழுக்கல

1

எனக்கு ஸ்கூட்டர் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேட்டையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "எஞ்சின் கத்துது, வண்டி இழுக்கல." சொன்னது யார், எந்த வண்டியைச் சொன்னார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சர் ஒட்டியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

இந்த வரி என் எழுத்துக்கும் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. உங்களுக்கும் இந்நேரம் தோன்றியிருக்கும். விட்டுவிடுவோம். ஒருவர் பிழைப்பு போகிற இடத்தில் உட்கார்ந்து என் எழுத்தைப் பற்றிப் புலம்பினால் நாலு பேர் காறித் துப்புவார்கள்.

2

முதல் தொடக்கம்: "அந்த வண்டிக்கு நோய் வந்திருந்தது." (வேண்டாம். வண்டியை மனிதனாக்கினால் பிறகு மனிதனை என்ன ஆக்குவது?)

இரண்டாவது: "சொரிமுத்துவின் பட்டறைக்கு வராத வண்டியே—" (பொய். முக்கால்வாசி வண்டிகள் அவன் பட்டறையைத் தாண்டித்தான் போகும்.)

மூன்றாவது, சாதாரணமாக: மேலப்பாளையம் அலி அஸ்கர் தன் பிக்கப் வண்டியைப் பட்டறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால், சக்கரம் வைத்த பெரிய ஜெனரேட்டர் கொக்கியில் மாட்டியிருந்தது. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் அதை இழுத்துக்கொண்டு போய் வெளிச்சம் கொடுப்பதுதான் அவர் தொழில். முன் சீட்டிலிருந்து அவர் மனைவி நஃபீஸத் இறங்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையோடு பின்னால் போனாள்.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சர்க்கரை நோய் கொண்டுபோயிற்று. கிளட்ச் மிதிக்க முடியாதென்று பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, தேடிப் பிடித்து இந்த ஆட்டோமேட்டிக்கை வாங்கினார். கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் ஒன்று போதும். இந்த வண்டி படுத்துவிட்டால் அவர் ஓட்டுவதற்கு வேறு வண்டி இல்லை. கதையில் பணயமாக இருப்பது இதுதான் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

3

"ஏத்தத்துல மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குலே. லோடு இல்லாட்டாலும் அப்பிடித்தான் பண்ணுது" என்றார் அலி அஸ்கர்.

சொரிமுத்து கியர்பாக்ஸ் ஆயிலைத் தொட்டு முகர்ந்தான். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்துப் போய், அடிப்பிடித்த பால் மாதிரி வாடை அடித்தது. உள்ளே பிடித்து இழுக்க வேண்டிய தகடுகள் வழுக்குகின்றன, வழுக்கி வழுக்கிக் கருகியிருக்கின்றன. ஆயிலை மாற்றிவிடலாமா?*

(* பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. தேய்ந்த கியர்பெட்டியில் புது ஆயில் ஊற்றினால், தட்டுத் தடுமாறி ஓடுகிறதும் நின்றுபோகும் என்பார்கள். நிஜமா என்று எனக்குத் தெரியாது. சொரிமுத்துவுக்கும் தெரியாது, ஆனால் பயம் உண்டு. அதனால்தான் அவன் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.)

"ஒரு நடை ஓட்டிப் பாத்துருதேன் பாய்" என்று அவனே ஏறி உட்கார்ந்தான். ஜெனரேட்டரோடு கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் விட்டான். வண்டி கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான். பிறகு ஒழுங்காக இழுத்துக்கொண்டு மேலே போயிற்று.

"எனக்கு நல்லா இழுக்கே பாய்."

"எனக்கு இழுக்கல. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"அப்பம் நீங்களே ஏறுங்க. நான் பின்னால நின்னு சத்தத்தக் கேக்கேன்."

4

(நஃபீஸத்தைப் பற்றி. முதல் பிரதியில் அவள் இல்லை. கியர்பாக்ஸ் கதையில் அவளுக்கு என்ன வேலை என்று விட்டுவிட்டேன். ஆனால் கால் இல்லாத மனிதர் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால், இறங்கிக் கட்டை போட ஒரு ஆள் வேண்டாமா? கட்டை போட வந்தவள், எனக்குத் தெரியாததை எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள்.)

பாலத்து ஏற்றத்தின் நடுவில் அலி அஸ்கர் மிதித்தார். எஞ்சின் அலறியது. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சொரிமுத்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஆனால் அவன் கண்டுபிடித்தது காதால் அல்ல. எஞ்சின் அலறிய நேரம் முழுக்க, வண்டியின் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

வயரில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தான். குனிந்து சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனான். அனல் அடித்தது. வண்டி முன்னால் போகப் பார்க்கிறது, பிரேக் பிடித்து வைத்திருக்கிறது. இப்படி நாள்கணக்கில் ஓட்டினால் ஆயில் கருகாமல் என்ன செய்யும்?

நிமிர்ந்தபோது, கட்டையோடு நின்ற நஃபீஸத்தும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா மைனி?"

"நோன்புக்கு முன்னாலயே தெரியும். ராவுல கால் கழுவி விடயில, உள்ளங்கால்ல ஒரு ஆணி ஏறிக் கெடந்துச்சு தம்பி. அது ஏறுனதே அவ்வொளுக்குத் தெரியல. சின்ன விஷயந்தானன்னு நான் புடுங்கி எறிஞ்சிட்டேன்." கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். "பெட்டிதான் போச்சுன்னு சொல்லிருங்க. கால் போச்சுன்னு ஒரு தடவ கேட்டாச்சு அவ்வொ. இன்னொரு தடவ கேட்டா தாங்க மாட்டாவ."

5

சொரிமுத்து முன்னால் போய்க் கதவைத் திறந்தான். வலது கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. ஆனால் செருப்பின் விளிம்பு பிரேக்கின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

"பிரேக்குல கால் வச்சிருக்கீயளா பாய்?"

"கோட்டி புடிச்சிருக்காலே ஒனக்கு? ஆக்சிலேட்டர்லதான் இருக்கு."

சொரிமுத்து குத்தவைத்து உட்கார்ந்து, பெடலைப் பார்ப்பதுபோல அவர் பெருவிரலைப் பிடித்தான். மெதுவாக அழுத்தினான். பிறகு நகம் பதிய அழுத்தினான். அலி அஸ்கர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி, காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பதாகவும், இந்த வண்டி கழுத்தறுத்துவிட்டதென்றும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி நாலு நாள் தெருத்தெருவாகச் சுற்றினேன். எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

6

சொரிமுத்து இனி என்ன செய்யலாம்?

நஃபீஸத் சொன்னபடி பெட்டி போச்சு என்று சொல்லலாம். வண்டி ஓரங்கட்டப்படும். அவர் மானம் பிழைக்கும். ஆனால் தொழில் தெரிந்தவர் சும்மா இருப்பாரா? எதையாவது விற்று வேறு பெட்டி மாட்டுவார். பெட்டி புதுசு, கால் அதே கால். ஆக்சிலேட்டர் என்று நினைத்துப் பிரேக்கை மிதிக்கிற கால், ஒரு நாள் பிரேக் என்று நினைத்து மற்றதை மிதிக்கும். அதையும் எழுதிப் பார்த்தேன். சேரன்மகாதேவி ரோட்டில் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த பிள்ளைகள் பாலத்துக்குப் பக்கத்தில்— (இதற்கு மேல் எழுதவில்லை. எழுத மாட்டேன்.)

உண்மையைச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குப் போவார், இருக்கிற கால் ஒருவேளை தப்பும். ஸ்டியரிங் பிடிப்பது அன்றோடு சரி. உயரமான சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவர், ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவன் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நியாயம் இதுதான் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நம்ம வண்டியில நான் ஓரமா ஒக்காந்து வரணுமாவே?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

7

மூன்று முடிவில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்கும்வரை அவர் ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. கல்யாணப் பேச்சுக்குப் பதில் ஒன்றும் வராததால், சொரிமுத்து என்ன செய்கிறான் என்று குனிந்து பார்த்தார்.

தன் பெருவிரலை ஒருவன் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவன் நகம் பதிந்த இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் கசிவதைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். பின்னால் நஃபீஸத் கட்டையைக் காலால் இறுக்குகிற சத்தம் கேட்டது.

"எப்பம்லே புடிச்ச?" என்றார்.

சொரிமுத்து கையை எடுக்கவில்லை. இவருக்கு என்ன சொல்லட்டும் என்று அவன் என்னைப் பார்க்கிறான். கேள்வி இனி உங்களுடையது. சீக்கிரம் சொல்லுங்கள், அவர் இன்னும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.