ஏழாம் நம்பர் மெசேஜ்

"கலைமதி மேடம், ஒங்க சர்வே என் வேலையக் கெடுத்துருச்சு."

போனில் கிராம நர்ஸ் திலகவதி. குரலில் கோபம்கூட இல்லை. வெறும் அலுப்பு.

கலைமதி திருமயம் ரோட்டிலேயே ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

தடுப்பூசி பற்றி நெட்டில் வருவதை மக்கள் எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று அளப்பது அவள் வேலை. டேப்லெட்டில் பத்து மெசேஜ் காட்டுவாள். பாதி நிஜம், பாதி சர்வேக்காகவே எழுதிய பொய். எது பொய் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வீட்டுக்குப் பதில் போய்விடும்.

பதில் போகவில்லை. கேள்வி போய்விட்டது!

'தட்டம்மை ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சு வராது' என்ற ஏழாம் மெசேஜை, சர்வேயில் பதில் சொன்ன செவந்தி போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். கீழே, 'சர்வே மேடமே காட்டுனாங்க.'

இன்று ஊசி போட அங்கன்வாடிக்குப் பதினோரு குழந்தைகள் வர வேண்டும். வந்தது ஒன்று.

"அந்த ஒண்ணுக்காக மருந்தக் கலந்துட்டேன். மூணு மணிக்கு மேல தூரத்தான் கொட்டணும்," என்றாள் திலகவதி போனில். "பக்கத்து ஊர்ல தட்டம்மை வந்துருச்சுங்க."

மணி இரண்டே கால்.

செவந்தி ஒன்பது மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள்.

"அந்த மெசேஜ் பொய் செவந்தி. எங்க ஆபீஸ்ல எழுதுனது."

"அன்னைக்கு நெசமான்னு கேட்டேன். 'நீங்களே சொல்லுங்க'ன்னு சிரிச்சீங்க."

"அது ரூல்ஸ்."

"இப்ப சொல்றது எந்த ரூல்ஸ்?"

கலைமதி சுகாதாரத் துறையின் பக்கத்தை டேப்லெட்டில் திறந்து நீட்டினாள். செவந்தி தொடவே இல்லை.

"அதுவும் இந்த டப்பாவுலதான வந்துச்சு?"

"யார் சொன்னா நம்புவீங்க?"

"அதையும் கேட்டீங்களே! நர்சம்மான்னேன். டிக் அடிச்சிட்டுப் போயிட்டீங்க."

கலைமதி திலகவதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏண்டி, ஒம் பிரசவத்துல கையப் புடிச்சிருந்தவ சொல்றேன். புள்ளையத் தூக்கிட்டு வா."

செவந்தி செருப்பை மாட்டினாள். "வாரேன். ஆனா நான் மட்டும் வந்தா போதுமா? பொய்ய எழுதுனது நாங்கதான்னு நீங்களே குரூப்புல பேசுங்க மேடம்."

பேசினால் இந்த ஊரின் நூற்று நாற்பது படிவமும் செல்லாது. மூன்று வார அலைச்சல். வேலையும் போகலாம்.

செவந்தியின் போனை வாங்கி, மைக்கை அழுத்தினாள்.

"நான் சர்வே எடுக்க வந்த கலைமதி. ஏழாம் மெசேஜ் பொய். நாங்க எழுதுனது."

மூன்று மணிக்குள் செவந்தியின் மகளோடு இன்னும் மூன்று குழந்தைகள் அங்கன்வாடிக்கு வந்தன. திலகவதி மீதி மருந்தைக் கொட்ட ஒதுக்கினாள்.

"இன்னும் ஆறு வீடு. அடுத்த புதன் ஊசிக்கு வரச்சொல்லி இப்பவே போய்ச் சொல்லணும். வாரீங்களா?"

ஆபீஸிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. கலைமதி போனை சைலண்டில் போட்டுவிட்டு நர்சின் பின்னால் நடந்தாள்.