இருபத்து நான்கு பைகளும் தேறின

கால்பந்துக் கழகத்தில் பண்டகக் காப்பாளராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட நிறையாத அந்த மனிதர், செவ்வாய்க்கிழமை மாலை மிகுந்த மனநிறைவோடு வீடு திரும்பினார். அன்று காலையில்தான் கழகத்துக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. அதனுள் இருபத்து நான்கு குளிர்ப்பைகள் இருந்தன. ஆட்டத்தில் யாருக்கேனும் கால் பிசகினால் பையை ஓங்கி ஓர் அழுத்து அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பொட்டலம் உடையும். சுற்றியுள்ள யூரியா அதில் கரையும். கரையக் கரையப் பை சில்லிட்டுப் போகும். அதை வீக்கத்தின்மேல் வைத்துக் கட்டிவிடலாம்.

இதற்கு முன் அவர் பதினோரு ஆண்டுகள் டார்ச் விளக்குத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். எரியவிட்டுப் பார்க்காமல் ஒரு விளக்கையும் அவர் பெட்டிக்குள் வைத்ததில்லை. அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறியிருந்தது. ஆகவே இருபத்து நான்கு பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, 'ஏழு டிகிரி, தேர்ச்சி. எட்டு டிகிரி, தேர்ச்சி' என்று முத்து முத்தான கையெழுத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பெட்டியை ஒட்டி, மேலே 'பரிசோதிக்கப்பட்டது' என்றும் எழுதினார்.

புதன்கிழமை காலையில் அவருடைய தங்கை அந்தப் பெட்டியைத் திறந்தாள். கழகத்தின் இயன்முறை மருத்துவர் அவள்தான். செயலரிடம் பக்குவமாகப் பேசி அண்ணனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

"அண்ணா, இது ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு?"

"நேத்து சோதிச்சேன்மா. நல்லாக் குளிர்ந்துச்சு."

"எத்தனை பையைச் சோதிச்சே?"

"ஒண்ணு விடல."

தங்கை பக்கத்திலிருந்த பந்து மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தீப்பெட்டி வாங்கினா, எல்லாக் குச்சியையும் உரசிப் பார்த்துட்டுத்தான் அண்ணிகிட்ட குடுப்பியா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டார்ச்சை எத்தனை முறை வேண்டுமானாலும் எரியவிட்டு அணைக்கலாம்; இந்தப் பைக்கு வாழ்வே ஒருமுறைதான்.

புதுப் பெட்டி வரப் பத்து நாள் ஆகும். சனிக்கிழமையோ வெளியூரில் ஆட்டம். வேனில் மூன்று மணி நேரப் பயணம். பனிக்கட்டி வைக்கக் கழகத்திடம் இருந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளி; போய்ச் சேருமுன் அத்தனையும் உருகிவிடும். செய்தி செயலரின் காதுக்குப் போயிற்று. அவர் சத்தம் போடும் வழக்கம் உள்ளவர் அல்லர். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"சனிக்கிழமை என் பசங்க காலுக்குக் குளிர்ச்சி வேணும். எப்படிங்கிறது உங்க பொறுப்பு," என்றார் செயலர். "இல்லேன்னா ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்க வீட்டுலயே இருக்கலாம்."

காப்பாளர் தொளதொளத்த பைகளைப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கினார். வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். தம்மை நம்பிப் பரிந்துரைத்த தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரை வாட்டியது.

நண்பகலில் ஆட்டக்காரர்களின் சட்டைகளை உலர்த்த அண்ணனும் தங்கையும் மொட்டைமாடிக்குப் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் லேசாகக் காற்று வீசியபோது அவர் நெற்றி குளுகுளுவென்றிருந்தது.

"இந்த வெயில்லயும் எப்படிம்மா குளிருது?"

"வேர்வை காயறதுக்குச் சூடு வேணும்ல? அதை உன் உடம்புலேருந்து எடுத்துக்கிட்டுத்தான் போகுது. யூரியாவும் அப்படித்தான். கரையறதுக்கு வேண்டிய சூட்டைத் தண்ணிகிட்டேருந்து பிடுங்கிக்கும்." தங்கைக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. "இதையெல்லாம் நேத்தே கேட்டிருக்கலாம்."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் உப்பு பிசுபிசுத்தது. தண்ணீர்தான் போயிருக்கிறது, உப்பு அங்கேயேதான் இருக்கிறது. அவர் மூளையில் ஏதோ பொறி தட்டியது.

"அப்போ, பையில இருக்கிற தண்ணியை மட்டும் போகச் சொன்னா?"

"யூரியா மிஞ்சும். ஆனா அவ்வளவு தண்ணியை விரட்ட எவ்வளவு சூடு வேணும் தெரியுமா? அடுப்புல வெச்சா யூரியா கெட்டு நாறிப்போயிடும்."

அவர் வானத்தில் காய்ந்துகொண்டிருந்த சூரியனைக் காட்டினார்.

கழக அலுவலகத்தில் இருந்த தேநீர்த் தட்டுகள் அத்தனையும் மாடியேறின. பைகளைக் கத்தரித்து, கரைசலை மெல்லிய படலமாக அவற்றில் ஊற்றி வைத்தார். அந்த மூன்று நாளும் செயலருக்குத் தேநீர் தட்டில்லாமல் ஒரு காகிதக் கோப்பின்மேல் வைத்துத்தான் வந்தது.

வியாழக்கிழமை மேகம் மூடிக்கொண்டது. காப்பாளர் தட்டுகளின் அருகே குந்தியபடி, வீட்டுக்கு வர மறுக்கும் விருந்தாளியை அழைப்பதுபோல் சூரியனை நோக்கிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மேகம் விலகியது. மாலையில் சில தட்டுகளின் ஓரத்தில் வெண்ணிற ஊசிகள் முளைத்திருந்தன. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். உள்ளங்கை சில்லிட்டது. வயதை மறந்து ஒரு குதி குதித்தார்.

நன்கு உலர்ந்தது ஐந்து பைக்குத்தான் போதுமானதாக இருந்தது; அதைப் புதிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு முடிச்சிட்டார். மற்றவை இன்னும் கூழாகவே கிடந்தன.

"அஞ்சுதான் இருக்கு. எதையும் தொடக் கூடாது," என்று தங்கை விரலை நீட்டி எச்சரித்தாள்.

சனிக்கிழமை அவர் அந்த ஐந்து பைகளையும் ஒரு புட்டித் தண்ணீரையும் மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். முதல் பாதியில் யாரும் விழவில்லை. இடைவேளையில் செயலர் வந்தார்.

"எங்கே, ஒண்ணைக் கரைச்சுக் காட்டுங்க."

வெள்ளிக்கிழமையிலிருந்தே காப்பாளரின் கை அதற்காகத்தான் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் சார். கரைச்சா கொஞ்ச நேரந்தான் தாங்கும். அப்புறம் பசங்களுக்கு நாலுதான் மிஞ்சும்."

"அப்போ சோதிக்காமலா கொண்டு வந்தீங்க?"

"ஒரு சிட்டிகை சோதிச்சேன் சார். மீதியை நம்பித்தான் வந்திருக்கேன்."

இப்படி ஒரு வாக்கியம் தம் வாயிலிருந்து வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தங்கை அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நம்பிக்கையை எடுத்து வீக்கத்துல கட்ட முடியாதுங்க," என்றார் செயலர். "ஆட்டம் முடியட்டும். பேசிக்கலாம்."

இரண்டாம் பாதியிலும் யாரும் விழவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இவர்கள் அணி ஒரு கோல் போட்டது. எப்போதும் சத்தம் போடாத செயலர், படிக்கட்டிலிருந்து கையை உயர்த்திக்கொண்டு துள்ளினார். இறங்கும்போது கால் படியின் விளிம்பில் மடங்கியது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

தங்கை ஓடிப்போய்க் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள். "ஒடியல, பிசகியிருக்கு. அண்ணா, பை."

காப்பாளர் ஒரு பையின் முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரை ஊற்றி, மறுபடி கட்டிக் குலுக்கினார். முதலில் ஒன்றும் நிகழவில்லை. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பையின் வெளிப்புறம் மெல்ல மங்கியது. பொடிப்பொடியாக நீர்த்துளிகள் பூத்தன. கணுக்காலில் வைத்ததும் செயலர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"நல்லா ஜில்லுன்னு இருக்கே," என்றார். "இன்னொண்ணு குடுங்க. இந்தப் பக்கமும் வலிக்குது."

"இல்லீங்க சார். இன்னும் மூணு நிமிஷம் ஆட்டம் இருக்கு."

செயலர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வலியையும் மீறி அவர் முகத்தில் சிரிப்பு கசிந்தது.

"அடுத்த வாரம் புதுப் பெட்டி வரும். நீங்களே இறக்கி அலமாரியில வெச்சிடுங்க. எண்ணி வெச்சாப் போதும், என்ன?"

"சரிங்க சார்," என்று பணிவோடு தலையாட்டினார் காப்பாளர். வேலை கைவிட்டுப் போகவில்லை என்பது மெதுவாக மனத்தில் இறங்கியது. சற்றுத் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் அழுத்திப் பார்த்துக்கலாமா சார்?"

தங்கை அண்ணனின் காலை நன்றாக மிதித்தாள்.